போன் தண்ணீரில் விழுந்துவிட்டதா? அறிகுறியைப் பார்த்து என்ன செய்வது

பாத்ரூம் பக்கெட், கிணற்றடி, குற்றால அருவி, மெரினா அலை, மழையில் நனைந்த சட்டைப்பை, பேண்ட்டோடு சேர்ந்து வாஷிங் மெஷினுக்குள் போனது. எங்கள் சர்வீஸ் கடைக்கு வரும் ஈர போன்களுக்குக் காரணம் ஆளுக்கு ஒன்று. ஆனால் அடுத்து எல்லோரும் சொல்வது ஒன்றேதான்: "உடனே எடுத்துட்டேண்ணே. ஆன் ஆகுதான்னு பார்த்தேன், ஆகல. சரின்னு சார்ஜ் போட்டேன்." பிழைத்திருக்க வேண்டிய போன்கள் பல அந்த சார்ஜில்தான் போய்விடுகின்றன.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. அதில் கரைந்திருக்கும் உப்புதான் கடத்துகிறது. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில் பேட்டரியின் மின்சாரம் ஓடும் ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்காது. அந்த இடைவெளியில் உப்புத் தண்ணீர் நின்றால் மின்பகுப்பு ஆரம்பித்துவிடும். ஒரு முனையிலிருந்து செம்பு கரைந்து அடுத்த முனையை நோக்கி நகரும். பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்துப்போய், சில நாளில் முனையே அரித்துக் காணாமல் போகும்.

ஆக, செய்ய வேண்டியவை இரண்டு. ஈரம் இருக்கும்போது மின்சாரம் ஓடக் கூடாது. தண்ணீர் காய்ந்த பிறகு உப்பு அங்கேயே தங்கிவிடக் கூடாது. முதலாவதை வீட்டிலேயே பெருமளவு செய்யலாம். இரண்டாவதற்குப் போனைத் திறந்தே ஆக வேண்டும். வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் போர்டிலும் படிகிறது. காய வைத்தால் தண்ணீர் போகும், உப்பு போகாது.

எடுத்தவுடன்

சார்ஜரில் மாட்டியிருந்தபோது தண்ணீரில் விழுந்திருந்தால் போனைத் தொடாதீர்கள். முதலில் சுவரில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள். கை ஈரமாக இருந்தால் வீட்டின் மெயினையே இறக்கிவிடுவது நல்லது. போனை வேறு வாங்கிக்கொள்ளலாம்.

எடுத்ததும் ஸ்விட்ச் ஆஃப் செய்யுங்கள். வேலை செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, ஆஃப். யாருக்காவது ஒரு கால், ஒரு மெசேஜ் என்று தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே அணைந்திருந்தால் ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். கவரைக் கழற்றி, பருத்தித் துணியால் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, அப்புறம் சிம் ட்ரேயை வெளியே எடுங்கள். துடைக்காமல் ட்ரேயை இழுத்தால் விளிம்பில் நிற்கும் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகவே உள்ளே போய்விடும். பேட்டரியைக் கழற்ற முடிகிற பட்டன் போனாக இருந்தால் பேட்டரியைக் கழற்றுங்கள். அந்த போன்கள் பிழைப்பதற்கு இது ஒரு பெரிய வசதி.

போனை உதறாதீர்கள். உதறினால் ஓரத்தில் நிற்கிற தண்ணீர் நடுப் போர்டுக்குப் போகும். சார்ஜிங் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து, மறு உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். வருகிற தண்ணீர் வரட்டும்.

பிறகு மின்விசிறிக் காற்று படும் இடத்தில் சாய்த்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணியே காயாது, போன் மட்டும் எப்படிக் காயும்? அந்த நாட்களில் ஏ.சி. அறை மிகவும் உதவும், அங்கே காற்றில் ஈரம் குறைவு. சிலிக்கா ஜெல் இருந்தால் ஒரு டப்பாவில் போனோடு போட்டு மூடலாம். ஆனால் செருப்புப் பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்த பொட்டலம் ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும், அதனால் பயனில்லை. புதிதாக வாங்கிய நீல நிற மணிகள் நல்லவை. அவை இளஞ்சிவப்பாக மாறினால் வேலை முடிந்தது என்று பொருள்.

அரிசி வேண்டவே வேண்டாம். அரிசித் துகள்கள் போனைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எழுதியிருக்கிறது. கடையில் பார்ப்பதும் அதுதான். அரிசி மூட்டையிலிருந்து வந்த போனை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்தால், டைப்-சி ஓட்டையின் நடு நாக்கைச் சுற்றி மாவு ஈரத்தோடு சேர்ந்து பசைபோல ஒட்டியிருக்கும். சில சமயம் ஒரு குருணை பின்களுக்கு நடுவே சிக்கி, ஊசியால் கிளறி எடுக்க வேண்டியிருக்கும். இது பாதி நஷ்டம்தான். போன் அரிசியில் கிடந்த அந்த இரண்டு நாளும் உள்ளே உப்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே, அதுதான் பெரிய நஷ்டம்.

ஹேர் டிரையரும் வேண்டாம். சூட்டில் ஓரப் பசை இளகும், ஆவி இன்னும் உள்ளே ஏறும், பேட்டரிக்கும் சூடு ஆகாது. வெயிலில் காய வைப்பதும் அப்படியே. ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுக்கும்போது உள்ளேயே புதிதாக வியர்க்கும். சானிடைசரை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும். கடையில் போர்டு கழுவும் ஆல்கஹாலும் அதுவும் ஒன்றல்ல.

விழுந்தது எதில்?

ஆர்.ஓ. தண்ணீர் என்றால் ஓரளவு நிம்மதி. போர் தண்ணீர் என்றால் அன்றைக்கே கடை. கடல் நீர், சோப்புத் தண்ணீர், டீ, காபி, சாம்பார், குளிர்பானம் இவையெல்லாம் அவசர கேஸ். கடல் நீரில் விழுந்த போன் மறுநாள் வருவதற்கும் அதே நாள் வருவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் போர்டைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

ஐபி67, ஐபி68 என்று தண்ணீர் தாங்கும் தரம் உள்ள போன் உப்புத் தண்ணீரிலோ டீயிலோ விழுந்தால், ஆஃப் செய்து, சிம் ட்ரே மூடியிருக்கும்போதே, குழாயிலிருந்து மெதுவாக விழும் நல்ல தண்ணீரில் வெளிப்பக்கத்தை அலசித் துடைக்கலாம். தரம் இல்லாத சாதாரண போனில் இதைச் செய்யாதீர்கள், உள்ளே இன்னும் தண்ணீரை விடுவதாகிவிடும்.

அந்தத் தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி68 என்றால் அதைவிடக் கடுமையான, நிறுவனம் தானே அறிவிக்கும் ஆழமும் நேரமும். சோதனை நல்ல தண்ணீரில், அசையாமல் வைத்து, புது போனில் செய்யப்படுகிறது. அருவியின் வேகமும் அலையின் அடியும் அந்தக் கணக்கில் இல்லை. ஒருமுறை கீழே விழுந்து ஓரம் லேசாக நெளிந்தாலோ, டிஸ்ப்ளே மாற்றியிருந்தாலோ பசையில் எங்காவது இடைவெளி வந்திருக்கும். இரண்டு வருடம் பையில் கிடந்த ஐபி68 போனை நம்பி நீச்சல் குளத்தில் படம் எடுக்காதீர்கள்.

அறிகுறி: எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்கிறது

இதுதான் ஆளை ஏமாற்றும் அறிகுறி. தரம் உள்ள போன், நல்ல தண்ணீர், இரண்டு நொடியில் எடுத்துவிட்டீர்கள் என்றால் உண்மையிலேயே ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். அப்போதும் ஆஃப் செய்து ஒரு நாள் காய விடுங்கள். சார்ஜ் மட்டும் போடாதீர்கள்.

தரம் இல்லாத போன் முழுவதும் மூழ்கியிருந்தால், வேலை செய்கிறது என்பதை நம்பாதீர்கள். போர்டில் முக்கியமான ஐ.சி.களுக்கு (சிப்களுக்கு) மேல் ஒரு தகர மூடி இருக்கும், ஷீல்டு என்போம். அதற்குள் போன தண்ணீர் வெளியே வர வழி கிடையாது. வெளிப்பக்கம் காய்ந்து, ஸ்பீக்கர் தெளிவாகி, வீட்டில் எல்லோரும் மறந்துபோன பிறகும் ஷீல்டுக்குள் ஒரு சொட்டு இருக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. போனை ஆஃப் செய்தாலும் பேட்டரி போர்டோடு இணைந்தேதான் இருக்கிறது. பேட்டரி லைனும் பவர் பட்டன் லைனும் எப்போதும் உயிரோடு இருப்பவை. அரிப்பு முதலில் பிடிப்பதும் பெரும்பாலும் அவற்றைத்தான். பின் மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றினால்தான் அது உண்மையான ஆஃப். கடைக்குச் சீக்கிரம் வாருங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அறிகுறி: சார்ஜ் போட்டால் நீர்த்துளி படம் அல்லது ஈரம் என்ற எச்சரிக்கை

இது போன் உங்களுக்குச் செய்யும் உதவி. ஓட்டைக்குள் ஈரம் இருப்பதைக் கண்டுபிடித்து சார்ஜை நிறுத்தி வைத்திருக்கிறது. வயரை உடனே பிடுங்குங்கள். அதை மீறிச் சார்ஜ் ஏற்ற ஐபோனில் ஒரு வழி உண்டு, அது அவசர காலத்துக்கு மட்டும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஓட்டையைக் கீழே பார்க்க வைத்துத் தட்டி, காற்றோட்டமாக வையுங்கள். அரை மணி நேரம் கழித்து முயன்று பாருங்கள். எச்சரிக்கை மறுபடி வந்தால் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். பஞ்சுக் குச்சி, டிஷ்யூ, ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். பஞ்சு நூல் உள்ளே மாட்டிக்கொண்டால் அதுவே ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

ஒரு நாளுக்குப் பிறகும் எச்சரிக்கை போகவில்லை என்றால், இருப்பது தண்ணீராக இருக்காது, உப்பாக இருக்கும். வேறு வயர் போட்டுப் பாருங்கள், வயரின் முனையிலும் உப்பு ஒட்டியிருக்கலாம். அப்படியும் வந்தால் கடையில் ஓட்டையை ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். பல போன்களில் சார்ஜிங் பகுதி தனிச் சின்ன போர்டாக இருக்கும், சப் போர்டு என்று கேட்டால் கிடைக்கும். அதை மாற்றுவது பெரிய வேலை இல்லை.

போன் முழுவதும் மூழ்காமல் கீழ்முனை மட்டும் நனைந்திருந்து, சார்ஜும் குறைவாக இருந்தால், வெளிப்பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகு வயர்லெஸ் சார்ஜரில் வைக்கலாம். முழுதும் மூழ்கிய போனுக்கு அதுவும் கூடாது.

அறிகுறி: சத்தம் கரகரக்கிறது, எதிர்முனையில் நம் குரல் கேட்கவில்லை

ஸ்பீக்கர் வலையில் தண்ணீர் நிற்கிறது. காய்ந்த பிறகு பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஷாவ்மி போன்களின் செட்டிங்ஸில் ஸ்பீக்கரைச் சுத்தம் செய்யும் வசதி ஒன்று உண்டு. அடித்தொனியில் ஒரு சத்தத்தை எழுப்பித் தண்ணீரை வெளியே தள்ளும். மற்ற போன்களுக்கும் இதே வேலைக்கான ஒலிகள் கிடைக்கின்றன. ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து ஒலிக்க விடுங்கள். ஆனால் இதை முதல் நாளே செய்யாதீர்கள். ஸ்பீக்கரைக் காப்பாற்றப் போய் ஈரப் போர்டை ஆனில் வைத்திருப்பதாகிவிடும்.

ஸ்பீக்கரில் சத்தமே இல்லாமல் மேலே ஹெட்போன் படம் தெரிந்தால், ஹெட்போன் ஓட்டைக்குள் தண்ணீர் இருக்கிறது. ஏதோ மாட்டியிருக்கிறது என்று போன் நினைத்துக்கொள்கிறது. காய்ந்தால் போகும். போகவில்லை என்றால் உள்ளே பூத்திருக்கிறது, சுத்தம் செய்ய வேண்டும்.

மைக் பாழானால் பெரும்பாலும் மாற்றுவதுதான் வழி. சின்ன ஓட்டையில் பின்னை விட்டுக் குத்தினால் ஈரத்தைத் தடுக்கும் சவ்வும் கிழிந்துவிடும்.

அறிகுறி: கேமராவில் பனிமூட்டம்

உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கிற சாட்சி இது. காலையில் தெளிவாகவும் போன் சூடானதும் மூட்டமாகவும் இருந்தால், உள்ளே எங்கோ தண்ணீர் தங்கி ஆவியாகி லென்ஸில் படிகிறது. கேமராவுக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. ஆனால் லென்ஸ்வரை வந்த ஈரம் போர்டுக்கும் போயிருக்கும். இரண்டு நாளில் மறையாவிட்டால் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மறைந்த பிறகு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது காய்ந்த உப்பு. கேமராவைக் கழற்றித் துடைக்கலாம், உள் லென்ஸில் இருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

அறிகுறி: திரையில் கோடு, கறை, அல்லது தானாகவே எதையோ அழுத்துகிறது

எல்.சி.டி. திரையில் வெளிச்சம் தரும் அடுக்குகளுக்குள் தண்ணீர் போனால், காகிதத்தில் எண்ணெய் பட்டதுபோல வெளிறிய திட்டு தெரியும். தொல்லை பார்வைக்கு மட்டும். வேலை செய்யும், கறை மட்டும் நிற்கலாம். அமோலெட் திரையில் பச்சைக் கோடு, ஊதா நிறத் திட்டு, கறுப்பு ஓட்டைபோல ஒன்று பரவிக்கொண்டே போவது என்று வரும். பரவினால் திரையை மாற்றியாக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் போர்டைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சுத்தம் செய்யாத போர்டில் புதுத் திரையைப் போட்டு, போர்டு பிறகு செத்தால் திரைக் காசும் சேர்ந்து போகும்.

தானாகவே தொடுவது ஆபத்தானது. அதுவாக யாருக்கோ போன் போடும், தவறான பின் எண்ணை அடித்து அடித்து லாக் ஆகிவிடும். தொடுதல் வேலை செய்யாமல் ஸ்விட்ச் ஆஃப் செய்ய முடியாத நிலையும் வரும். பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் ரீஸ்டார்ட்தான் ஆகும், ஆஃப் ஆகாது. பட்டன்களோடு மல்லுக்கட்டாமல் நேரே கடைக்குக் கொண்டுவந்து பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள்.

அறிகுறி: திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது, லோகோவிலேயே நிற்கிறது

இதைப் பார்த்ததும் சாஃப்ட்வேர் போய்விட்டது என்று சிலர் ஃப்ளாஷ் செய்துவிடுகிறார்கள், அதாவது சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றிவிடுகிறார்கள். அதில் உள்ள படங்களும் போய்விடும், போனும் சரியாகாது. தண்ணீர் பட்ட போனில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பட்டன் ஸ்ட்ரிப்பை, அதாவது பவர், வால்யூம் பட்டன்களைப் போர்டோடு இணைக்கும் மெல்லிய பட்டையை. பவர் பட்டனின் முனைகளுக்கு நடுவே ஈரம் நின்றால், யாரோ விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருப்பதாகவே போன் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அணைந்து அணைந்து எழும். வால்யூம் பட்டனில் நின்றால் ஃபாஸ்ட்பூட், ரிகவரி என்று தெரியாத திரையெல்லாம் வரும். அங்கே எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். டேட்டாவை அழிக்கும் வரி அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

ஸ்ட்ரிப்பைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பார்த்தாலே கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். ஸ்ட்ரிப்பை மாற்றுவது சின்ன வேலை. அதற்குப் பிறகும் லோகோவில் நின்றால் போர்டைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: சூடாகிறது, பின் மூடி உப்புகிறது, இனிப்பும் நெடியும் கலந்த வாசனை

மற்ற அறிகுறிகளில் போன்தான் போகும். இதில் உங்கள் கைக்கும் வீட்டுக்கும் ஆபத்து. சார்ஜர் மாட்டியிருந்தால் சுவிட்சை அணையுங்கள். போனைப் படுக்கை, சோபா, துணி எதன் மேலும் வைக்காதீர்கள். சிமெண்ட் தரை, டைல்ஸ், மொட்டை மாடி போன்ற எரியாத இடத்தில் வைத்து, குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். உப்பிய பேட்டரியை அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், நீங்களே நெம்பி எடுக்காதீர்கள். புகை வந்தால் அதைச் சுவாசிக்காமல் விலகி, பெரிதானால் தீயணைப்புத் துறையை அழையுங்கள். சூடு அடங்கியதும் ஒரு தகர டப்பாவில் வைத்துக் கடைக்குக் கொண்டு போகலாம். வண்டியில் போகும்போது பேண்ட் பாக்கெட்டில் போடாதீர்கள். தண்ணீர் புகுந்த பேட்டரியை, உப்பவில்லை என்றாலும், மாற்றிவிடுவதே என் யோசனை.

அறிகுறி: ஆன் ஆகவே இல்லை

பதற வேண்டாம். ஆன் ஆகாத போனைவிட, ஆன் ஆகவில்லையே என்று சார்ஜ் போட்ட போன்தான் எங்களைப் படுத்தும். நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது இதற்கு மேல் எதுவும் இல்லை. அதனால் கடையில் என்ன நடக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். தெரிந்திருந்தால் சரியான ஆளைக் கண்டுபிடிக்கலாம்.

முதலில் பின் மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றுவார்கள். போர்டை வெளியே எடுத்து ஷீல்டுகளைத் திறப்பார்கள். திறக்காமல் மேலோட்டமாக ப்ளோயர் அடித்துத் தருகிறவர் உங்கள் போனைக் காய வைக்கிறார், அவ்வளவுதான். போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து மெல்லிய பிரஷால் தேய்க்க வேண்டும். முடிந்தால் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட வேண்டும். அந்த அதிர்வு ஐ.சி.களின் அடிவயிற்றில் இருக்கும் உப்பைக் கிளப்பும், பிரஷ் அங்கே போகாது. தின்னர் வைத்துக் கழுவுகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது சில பிளாஸ்டிக் கனெக்டர்களைக் கெடுக்கும். எதில் கழுவுகிறீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

கழுவிக் காய்ந்ததும் போர்டை டி.சி. பவர் சப்ளையில் மாட்டுவார்கள். பவர் பட்டனைத் தொடுவதற்கு முன்பே மீட்டர் முள் ஏறினால், பேட்டரி லைனில் எங்கோ ஷார்ட். ஷார்ட்டான பாகம் சூடாகும். தெர்மல் கேமராவில் அது மட்டும் பளிச்சென்று தெரியும். கேமரா இல்லாத கடைகளில் ரோசின் என்ற பிசினின் புகையைப் போர்டில் படிய விடுவார்கள். போர்டு முழுக்க வெள்ளைப் பொடி படிந்திருக்க, குறைந்த மின்சாரம் கொடுத்ததும் ஒரே ஒரு இடத்தில் பொடி உருகிக் கண்ணாடிபோல ஆகும். பார்த்தால் எள்ளைவிடச் சின்ன ஒரு கெபாசிட்டராக இருக்கும். அதை எடுத்துவிட்டால் செத்துப்போனது என்று கொடுக்கப்பட்ட போன் லோகோ காட்டும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நிமிடம் எனக்கு மகிழ்ச்சிதான்.

எல்லாம் இப்படி எளிதாக முடியாது. ப்ராசஸருக்கு அடியில் ஷார்ட் என்றாலும், போர்டின் உள் அடுக்குகள் அரித்திருந்தாலும் கடினம். சார்ஜ் போட்டு எரித்த பவர் ஐ.சி. என்றால் செலவு கூடும்.

அறிகுறி: அப்போது சரியாகிவிட்டது, வாரம் கழித்து ஒவ்வொன்றாகப் போகிறது

ஒரு நாள் வைஃபை பிடிக்காது. அப்புறம் சிம் இல்லை என்று காட்டும். பேட்டரி மதியத்துக்குள் காலியாகும். தண்ணீரில் விழுந்ததையே பலர் கடையில் சொல்வதில்லை, நினைவும் இருக்காது. சிம் ட்ரேயை எடுத்து அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பல போன்களில் அங்கே ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அது சிவப்பாகியிருந்தால் தண்ணீர் அங்கே வந்து போயிருக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பதும் அதைத்தான். சாதாரண வாரண்டியில் தண்ணீர்ச் சேதம் வராது.

இந்த நிலையில் போனைச் சுத்தம் செய்யாமல் பாகங்களை மட்டும் மாற்றிக்கொண்டே போவது வீண் செலவு. அரிப்பு நிற்காமல் அடுத்த பாகத்துக்குப் போகும்.

போனைவிட உள்ளே இருப்பது முக்கியம் என்றால்

இதைக் கடையில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இன்றைய போன்களில் நினைவகம் முழுக்கக் குறியாக்கம் செய்யப்பட்டது, அதன் சாவி அந்தப் ப்ராசஸரோடு கட்டப்பட்டிருக்கிறது. மெமரி ஐ.சி.யைப் பெயர்த்து வேறு போனில் வைத்துப் படங்களை எடுக்க முடியாது. அதே போர்டு, ஒரு மணி நேரமாவது, உயிரோடு எழுந்தாக வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் போர்டையே மாற்றிவிடுவார்கள். போன் புதிதாகிவிடும், படங்கள் பழைய போர்டோடு போய்விடும். போர்டு லெவல் வேலை தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள். சென்னையில் ரிச்சி தெரு அதற்குப் பேர்போன இடம். மற்ற ஊர்களிலும் மைக்ரோஸ்கோப்பும் டி.சி. சப்ளையும் மேசையில் இருக்கிறதா என்று பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும்.

இதற்கிடையில் சிம்மைத் துடைத்து வீட்டில் இருக்கும் வேறு போனில் போடுங்கள். வங்கி, கேஸ், ஆதார் என்று எல்லா ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். இ-சிம் என்றால் நெட்வொர்க் நிறுவனத்தில் மாற்றித் தரச் சொல்ல வேண்டும். கூகுள் போட்டோஸில் வேறு போனிலிருந்து உள்ளே போய்ப் பாருங்கள். போய்விட்டது என்று அழுத கல்யாணப் படங்கள் அங்கே பத்திரமாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. வாட்ஸ்அப் பேக்கப் ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவிலும் ஐபோனில் ஐகிளவுடிலும் இருக்கும், அதே எண்ணைப் போட்டு மீட்கலாம். கடையில் போனை விட்டு வரும்போது சிம்மையும் மெமரி கார்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரியாகி வந்த பிறகு

முதல் சார்ஜை ஆள் இல்லாத நேரத்தில், இரவில் தூங்கும்போது போடாதீர்கள். பகலில், கண் முன்னால், சாதாரண வேக சார்ஜரில் போட்டு, சூடு ஏறுகிறதா என்று கையால் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். ஆன் ஆனதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் பேக்கப் எடுங்கள். கேம், வீடியோ எல்லாம் அப்புறம். சில நாள் கழித்து ஸ்பீக்கர், மைக், முன் பின் கேமரா, வைஃபை, இரண்டு சிம், விரல்ரேகை எல்லாவற்றையும் ஒருமுறை சோதித்து, குறை இருந்தால் உடனே அதே கடைக்குப் போங்கள்.

திறந்து மூடிய போனில் கம்பெனி போட்ட ஓரப் பசை இருக்காது. நல்ல கடையில் அந்த மாடலுக்கான புதுப் பசைச் சட்டத்தை ஒட்டித் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். அதை ஒட்டினாலும் பெட்டியில் போட்டிருந்த ஐபி68 இனி அந்தப் போனுக்குப் பொருந்தாது. மழை பெய்தால் கவருக்குள், அருவிக்குப் போனால் ரூமில்.